ஒரே ஒரு பாலம்

கூகுள் மேப்பில் சூடானின் தலைநகரம் கார்ட்டூமைத் தேடிப் பாருங்கள். நீல நைலும் வெள்ளை நைலும் கூடுகிற இடத்தில் பிறை நிலா மாதிரி ஒரு பச்சைத் திட்டு தெரியும். அதுதான் தூத்தித் தீவு. சுற்றிலும் கார்ட்டூம், ஓம்துர்மான், வடக்கு கார்ட்டூம் என்று மூன்று பெருநகரங்கள். நடுவில் காய்கறி வயலும் எலுமிச்சைத் தோட்டமும்.

அந்த மக்களுக்கு ஆற்றின் குணம் தெரியும். வெள்ளக் காலத்தில் கரை நெடுக முறை வைத்துக் காவல் இருப்பார்கள், 'தாயா' என்று அதற்குப் பெயர். எங்காவது கரை உடைந்தால் குரல் கொடுப்பார்கள், ஊரே மண் மூட்டையோடு ஓடிவரும். 1946 வெள்ளத்தில் தீவைக் காப்பாற்றிய இளைஞர்கள் மேல் பாட்டே கட்டியிருக்கிறார்கள்.

தலைமுறை தலைமுறையாகப் படகில்தான் போக்குவரத்து. 2000களின் கடைசியில்தான் கார்ட்டூமிலிருந்து ஒரு தொங்கு பாலம் வந்தது. ராத்திரியில் நோயாளியைப் படகில் ஏற்றித் தவித்த ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

2023 ஏப்ரல் 15-இல் சூடான் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் (விரைவு ஆதரவுப் படை) என்ற துணைப்படைக்கும் சண்டை மூண்டது. ஆர்எஸ்எஃப் அந்தப் பாலத்தைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் மாவும் மருந்தும் அவர்கள் விட்டால்தான் உள்ளே வரும். தீவைவிட்டு வெளியேறவும் காசு கேட்டார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2024-இல் டெங்கு பரவியது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்க்கரையில் நகரம் கண்ணுக்குத் தெரிய, போக வழியில்லாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமை மீட்டபோதுதான் முற்றுகை முடிந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

சூடான் என்றாலே 'இரண்டு தளபதிகளின் அதிகாரச் சண்டை' என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரை மறித்து மக்களைப் பட்டினி போடுவதை ஏதோ போரின் பக்கவிளைவு போலப் பேசுகிறார்கள். இல்லை, அதுவே ஆயுதம். 1977 ஜெனிவா நெறிமுறைகளே அதைத் தடை செய்திருக்கின்றன. குண்டு விழுந்தால் படம் வருகிறது, மாவு மூட்டை வராமல் போனால் யார் படம் எடுப்பார்கள்?

அதே ஆர்எஸ்எஃப் அதே வேலையை மேற்கு சூடானில் டார்ஃபூர் பகுதியின் எல் ஃபஷேர் நகரத்திலும் செய்தது. முற்றுகையை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் ஐ.நா. பாதுகாப்பு சபை தீர்மானமே போட்டது. முற்றுகை நிற்கவில்லை. 2025 அக்டோபர் 26-இல் அந்த ஊர் ஆர்எஸ்எஃப் கையில் விழுந்தது.