சின்னி கிருஷ்ணனை மறந்துவிட்டு எழுதாதீர்கள்

"சாஷே (சிறு பாக்கெட்) யோசனை முழுக்க முழுக்கச் சிக் ஷாம்பூ ரங்கநாதனுடையது, அவருடைய அப்பா கடலூரில் ஏதோ சிறு வியாபாரி" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. அந்தச் "சிறு வியாபாரி" சின்னி கிருஷ்ணன்தான் இந்த வழியைத் திறந்தவர்.

முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே விற்ற காலத்தில் அதை 100, 50, 20 கிராம் பொட்டலங்களாகப் போட்டவர் அவர். 100 கிராமாக வந்துகொண்டிருந்த பேதி உப்பை 5 கிராம் பாக்கெட்டில் அடைத்தார். பணக்காரர் வாங்குவதைக் கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷாக்காரரும் வாங்க முடிய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அவரால் முடியாமல் போனது சந்தைப்படுத்துவதுதான். இதை மகன் ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஷாம்பூ சாஷே சின்னி கிருஷ்ணன் மறைவுக்குப் பிறகுதான் வந்தது, அதுவும் முதலில் சிக் அல்ல. குடும்பத்தார் தொடங்கிய வெல்வெட் ஷாம்பூ முந்தியது. ரங்கநாதன் அங்கிருந்து விலகி, 1983இல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொடங்கியதே சிக். அந்தத் துணிச்சலும் விற்பனைத் திறமையும் அவருடையவை, மறுக்கவே மாட்டேன். ஆனால் கண்டுபிடிப்பு அப்பாவுடையது என்று பிள்ளைகளே மனமாரச் சொல்கிறார்கள். ரங்கநாதனின் கவின்கேர் நிறுவனம் தரும் புத்தாக்க விருதுக்குக்கூடச் சின்னி கிருஷ்ணன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.