ஒரு ஓட்டில் நிற்காது டாம்கேட்

சேலம் ஐந்து ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் நண்பர் ஒருவர் வழியாக எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. "அப்பாச்சி டாம்கேட் புதிய பதிப்புக்கு ஓட்டெடுப்பு. ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் வெளியீடு நின்றுவிடும். உடனே இந்த லிங்கில் ஓட்டுப் போடுங்கள்" என்கிறது. கூடவே மொபைல் எண்ணும் கேட்கிறது! (டாம்கேட் என்பது ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை சர்வரில் இயக்கும் இலவச மென்பொருள்.)

ஓட்டெடுப்பு நடப்பது உண்மைதான். மற்றது தவறு. டாம்கேட்டை வெளியிடும் அப்பாச்சி அறக்கட்டளையின் மென்பொருள் திட்டங்களில் புதிய பதிப்பை வெளியிட, அந்தத் திட்டத்தின் நிர்வாகக் குழுவினரிடமிருந்து குறைந்தது மூன்று +1 (வெளியிடலாம் என்ற ஓட்டு) வேண்டும். -1ஐ (வேண்டாம் என்ற ஓட்டை) விட +1 அதிகமாக இருக்க வேண்டும். வழக்கமாக 72 மணி நேரமாவது அவகாசம் தருவார்கள். வெளியார் யாரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் கணக்கில் சேராது.

குழுவில் இருப்பவரும் சும்மா +1 போட முடியாது. மூலநிரல் தொகுப்பைத் தரவிறக்கி, அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் சொந்தக் கணினியில் கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி) இயக்கிப் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

சரி, இந்த 'ஒரே ஓட்டு' கதை எங்கிருந்து வந்திருக்கும்? நிரலில் செய்யும் மாற்றத்தை, தகுந்த தொழில்நுட்பக் காரணத்தோடு ஒருவரே தடுக்க முடியும். வெளியீட்டுக்கு அந்த வீட்டோ (தடுக்கும் அதிகாரம்) கிடையாது. இரண்டையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்பாச்சி தளத்தில் வெளியீட்டுக் கொள்கை என்ற பக்கத்திலேயே விதிகள் உள்ளன. யார் எப்படி ஓட்டளித்தார் என்பதும் பொதுவில் கிடைக்கும். அந்த லிங்கில் எண்ணைக் கொடுக்காதீர்கள், செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.