டிஸ்சார்ஜ் தாளில் இல்லாத இரண்டு எண்கள்

என் தங்கை மகன் பிறந்த மறுநாள், அவனுடைய பாதத்தில், இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் பட்டையைச் சுற்றியபோது அருகில் நின்றிருந்தேன். கால் சில்லென்றிருந்ததால் முதலில் எண் வரவில்லை; செவிலியர் தம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிவிட்டு மறுபடி சுற்றினார். வலது கையில் 98, பாதத்தில் 97. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் பிறந்த என் மகளுக்கு, பிறவி இதயக் குறையைக் கண்டறியும் இச்சோதனை செய்யப்படவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கருவில் நுரையீரலைத் தவிர்த்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் டக்டஸ் ஆர்டீரியோசஸ் என்னும் குழாய், பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ளும். கடுமையான பிறவி இதயக் குறைகள் சிலவற்றில் அது திறந்திருக்கும் வரைதான் குழந்தை தாக்குப்பிடிக்கும். நன்றாகப் பால் குடித்த குழந்தை வீட்டுக்குப் போனபின் திடீரெனத் துவண்டுபோவது இதனால்தான். வலது கைக்கான இரத்தம் அக்குழாய் சேரும் இடத்துக்கு முன்பே பிரிந்துவிடுவதால், கை, கால் இரண்டிலும் அளந்து ஒப்பிடுகிறார்கள். இரண்டிலும் 95-ஓ அதற்கு மேலோ இருந்து, வித்தியாசம் 3-க்கு மிகாவிட்டால் தேர்ச்சி. 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இடைப்பட்டதென்றால் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு அளந்தால் வீண் பயமுறுத்தல் வெகுவாகக் குறையும்.

"உதடு நீலமாயிருந்தால் எங்களுக்கே தெரியாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 80-களில் இருக்கும் அளவைக்கூடக் கண் தவறவிடும். நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் இன்னும் எளிதாகத் தவறவிடும். அமெரிக்காவில் 2011-இல் இச்சோதனை தேசியப் பரிந்துரைப் பட்டியலில் சேர்ந்தது. அதைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் இக்குறைகளால் நிகழும் சிசு இறப்புகள் சுமார் 33 சதவீதம் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. கடுமையான குறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றைத்தான் பிடிக்கும். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய் குறுகியிருக்கும் மகாதமனிச் சுருக்கம் நழுவிவிடக்கூடும். ஆகவே, எண் சரியாக இருந்தாலும் பால் குடிக்கையில் வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே காட்ட வேண்டும். எண் குறைந்த குழந்தைக்கு எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கத் தாலுகா மருத்துவமனையில் ஆளில்லை என்ற வாதத்தையும் ஏற்கிறேன். ஆனால் அது ஆம்புலன்சுக்கும், குழாயைத் திறந்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்துக்கும் ஏற்பாடு செய்யவேண்டிய காரணமே தவிர, அளக்காமலிருக்கக் காரணமல்ல. இதய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு முதலில் குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டாமா?

டிஸ்சார்ஜ் தாளில் இதற்கென ஒரு கட்டத்தை அரசு கட்டாயமாக்க வேண்டும். நேற்றிரவு என் மகளின் தாளைத் தேடி எடுத்தேன். எடை, இரத்த வகை, பி.சி.ஜி., போலியோ சொட்டு எல்லாம் இருக்கின்றன. கை, கால் என்று ஒரு வரி இல்லை.