செம்மஞ்சள் நிறம் என்றால் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்பது பிழை

அக்கா, மாம்பழப் பானப் பைக்கற்றில் சீனி அளவைக் காட்டும் நிறக்குறி சிவப்பு இல்லை, செம்மஞ்சள்தான், அதனால் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தினமும் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை.

இலங்கையில் 2016இல் வந்த அந்த நிறமுறை, 100 மில்லிலீற்றரில் எவ்வளவு சீனி என்பதை மட்டும்தான் சொல்கிறது. 11 கிராமுக்கு மேலே சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை, இடைப்பட்டதெல்லாம் செம்மஞ்சள். அப்படியென்றால் 10 கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தான். 200 மில்லிலீற்றர் பைக்கற் ஒன்றை முழுதாகக் குடித்தால் 20 கிராம், கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி சீனி! என் தேத்தண்ணிக்கே நான் அவ்வளவு போடுவதில்லை.

சீனி சேர்க்காத அசல் பழச்சாறுக்கும் அளவு உண்டு. ஒரு வயதுக்கு முன் வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை நாளுக்கு 120 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அக்கடமியின் 2017 பரிந்துரை.

தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர் போதும். அப்புறம் சீனி போடாத பால். பிளேன்ரீயில் பிஸ்கற் தோய்த்துக் கொடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள், தேயிலை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வெள்ளவத்தைச் சந்தையில் பப்பாசியும் கதலியும் எப்போதும் கிடைக்கும், மசித்தோ சிறு துண்டாகவோ கொடுக்கலாம். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். காலிமுகத்திடலில் விற்கும் கச்சான், கடலையை மட்டும் முழுதாகக் கையில் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.