டான்பரி ட்ராஷர்ஸ் டீமை லீக் தடை பண்ணுச்சா? இல்லீங்க

"அமெரிக்காவுல 17 வயசு பையன் காசு போட்டு வாங்குன ஐஸ் ஹாக்கி டீம், மேட்ச்ல ஓவரா அடிதடி பண்ணதால லீக் தடை பண்ணிடுச்சு"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. பாதி கதை, பாதி உடான்ஸு.

டீம் பேரு டான்பரி ட்ராஷர்ஸ், ஊரு கனெக்டிகட். காசு போட்டது பையன் இல்ல, அவங்கப்பா ஜேம்ஸ் கலாண்டே, குப்பை அள்ளுற பிசினஸ்ல பெரிய கை. 2004ல டீமை ஆரம்பிச்சு மகன் ஏஜே கையில ஜெனரல் மேனேஜர் பொறுப்பை குடுத்துட்டாரு, வயசு 17ங்கிறது மட்டும் நெசம்.

அடிதடியும் உண்மைதான், முரட்டு ஆளுங்களா தேடித்தேடி எடுத்தாங்க, ஆனா அதுக்காக யாரும் டீமை மூடல, சொல்லப்போனா அதைப் பாக்கவே அரங்கத்துக்கு ஜனம் வந்துச்சு. வெறும் ரவுடி கும்பலும் கிடையாது, 2006ல ஃபைனல் வரைக்கும் போய் கலமசூ விங்ஸ் கிட்ட தோத்தாங்க.

மூடுனதுக்கு காரணம் வேற. 2006 ஜூன்ல அப்பாவை எஃப்பிஐ தூக்கிடுச்சு, குப்பை பிசினஸ்ல மாஃபியா தொடர்புன்னு கேஸ், டீமும் அதோட காலி. அதுலயே ஹாக்கி மேட்டரும் இருந்துச்சு: லீக்ல சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதை ஏமாத்த பிளேயருங்களுக்கும் அவங்க வீட்டம்மாக்களுக்கும் குப்பை கம்பெனில வேலை பாக்கிற மாதிரி கணக்கு எழுதி காசு குடுத்திருக்காங்க (நம்மூர் டெக்னிக் மாதிரியே இல்ல?). 2008ல குத்தத்தை ஒத்துக்கிட்டாரு, 87 மாசம் ஜெயில். பையன் மேல கேஸே இல்ல.