நிறுத்தச் சொன்னவரின் பெயரையும் எழுதிவைத்தவர்

எங்கள் பழைய சீஃப் இன்ஜினியர் போன வாரம் காலமானார். பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையங்களில் வேலை பார்த்த பலருக்குப் ‘பெரிய சார்’ என்றாலே புரிந்துவிடும்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. எந்த யூனிட்டை (மின்சாரம் உண்டாக்கும் ஒரு முழு இயந்திரத் தொகுதியை) ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார், எத்தனை மெகாவாட் ஏற்றினார், டிரிப் ஆகாமல், அதாவது திடீரென்று நின்றுபோகாமல், எவ்வளவு நாள் ஓட்டினார் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியதை யாருமே சொல்லவில்லை என்று எனக்கு ஆதங்கம். ஓடுகிற யூனிட்டை நிறுத்தச் சொல்கிற உரிமையை அவர் கடைசி ஒப்பந்தத் தொழிலாளி வரைக்கும் கொடுத்துவைத்திருந்தார். நான் பார்த்தவரையில் வேறு எந்த அதிகாரியும் அதைச் செய்ததில்லை.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நீராவி உண்டாக்கும் பாய்லர் பக்கம் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு கோடைக்காலம். ஊரெல்லாம் ஏசி ஓடுகிற நேரம். தேவை உச்சத்துக்குப் போகும் சாயங்கால பீக்குக்கு ஒவ்வொரு மெகாவாட்டையும், மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் லோடு டெஸ்பாட்சில் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது பாய்லர் மேல்தளத்தில் சாம்பல் கூட்டிக்கொண்டிருந்த பக்கத்து மீனவர் ஊரான காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் இறங்கிவந்து, “சார், அந்த மூலையில ஏதோ சீறுது, நேத்து இல்ல” என்றார். கண்ட்ரோல் ரூமில் எல்லா மீட்டரும் ஒழுங்காகத்தான் காட்டின. வேறு யாராக இருந்தாலும் ‘சரிப்பா, பாக்கலாம்’ என்று அனுப்பியிருப்பார்கள். சார் எழுந்துபோனார். என்னையும் வரச்சொன்னார்.

210 மெகாவாட் யூனிட்டில் டர்பைனுக்குப் போகும் பிரதான நீராவி 535 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் புகைபோல நாம் பார்ப்பதெல்லாம் ஆறிப்போய்த் துளியான நீர். குழாய்க்கு வெளியே கசிகிற இடத்தில் காதால் சத்தத்தைப் பிடித்து, நீளமான துடைப்பக்கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே நடப்பது பழைய ஆட்களின் வழக்கம். கட்டை அறுபட்டால் அங்கே நிற்கவேண்டும். அன்றைக்குச் சத்தம் உலைச் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. சார் சுவரோரம் நின்று வெகுநேரம் காதுகொடுத்துக் கேட்டார். அப்புறம் கீழே வந்து, முந்தைய ஷிப்டில் மேக்கப் தண்ணீர் (குறைவதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீர்) எவ்வளவு போயிருக்கிறது, உலைப் புகையை வெளியே இழுக்கும் ஐடி ஃபேன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று வரிசையாகப் பார்த்தார். இரண்டும் கொஞ்சம் ஏறியிருந்தன. அலாரம் அடிக்கிற அளவுக்கு இல்லை.

“டியூப் லீக்தான்மா. நிறுத்திடலாம்” என்றார். பாய்லருக்குள் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

மேலேயிருந்து போன்மேல் போன். ராத்திரி பதினொரு மணி வரைக்குமாவது ஓட்டுங்கள் என்றார்கள். அப்படிக் கேட்டதையும் நான் தப்பு சொல்லமாட்டேன். 210 மெகாவாட் ஒரு நாள் முழுக்க நின்றால் 50 லட்சம் யூனிட் மின்சாரம் போயிற்று. பாய்லரை நிறுத்தினால் உடனே உள்ளே போகவும் முடியாது. ஆறவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் சாரம் கட்டி, குழாயை வெட்டி, வெல்டிங் போட்டு, எக்ஸ்ரே எடுத்து, தண்ணீரை அழுத்தத்தில் ஏற்றி ஹைட்ரோ டெஸ்ட் பார்க்கவேண்டும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? ஆனால் ஊசித் துவாரத்திலிருந்து சீறுகிற நீராவி பக்கத்துக் குழாயைச் சும்மா விடாது என்பதும் அவருக்குத் தெரியும். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல். அந்தச் சாம்பலையும் அள்ளிக்கொண்டு நீராவி அடிக்கும்போது பக்கத்துக் குழாய் அரிக்கும், அது உடைந்தால் அதற்கடுத்தது. ஒரு குழாய் வேலை ஒரு வரிசைக் குழாய் வேலையாகிவிடும். அதைவிட, அந்தத் தளத்தில் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

நிறுத்தினார். ஷிப்டில் நடப்பதைப் பதிகிற லாக் புக்கில் தன் கையாலேயே, இன்னார் சத்தம் கேட்டுச் சொன்னதன்பேரில் ஆய்வுசெய்து யூனிட் நிறுத்தப்பட்டது என்று அந்த அண்ணனின் பெயரை முழுசாக எழுதினார். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை லாக் புக்கில் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பாய்லர் ஆறியபிறகு அவரையே உள்ளே கூட்டிப்போய், எந்தக் குழாய், எங்கே துவாரம், பக்கத்துக் குழாய் எவ்வளவு மெலிந்துவிட்டது என்று டார்ச் அடித்துக் காட்டினார். அதற்குப்பிறகு எங்கள் பிரிவில் சத்தம், நாற்றம், அதிர்வு எது வந்தாலும் யாராவது ஒருவர் வந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாதிக்குமேல் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்து, பாய்லருக்குள் ஆள் நுழையும் வழியான மேன்ஹோலை மூடுவதற்கு முன்னால் உள்ளே போனவர்களைத் தலை எண்ணுவார். காண்ட்ராக்டரின் மேஸ்திரி சொல்லும் எண்ணிக்கையை ஏற்கமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆள் எதிரே வந்து நிற்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்தி வேலைசெய்யத் தரும் அனுமதியான லைன் கிளியரிலும் அதே கண்டிப்பு. யார் வாங்கினாரோ அவரே கையெழுத்துப் போட்டுத் திருப்பித்தரவேண்டும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டால் சார் போன் செய்து வரவழைப்பார். இதனால் யூனிட்டை கிரிட்டோடு, அதாவது மின்வலைப்பின்னலோடு, சேர்ப்பது (சிங்க்ரனைஸ்) தாமதமானதுண்டு, சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்ததுண்டு. மெமோவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அப்படியேதான் செய்தார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவிதமும் தனி. ஆரம்பத்தில் கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் உட்காரவே விடமாட்டார். நிலக்கரிக் கன்வேயரிலிருந்து கடல்நீர் பம்ப் வரைக்கும் நடக்கவேண்டும். கையில் டார்ச்சும் வேஸ்ட் துணியும். எங்கள் பேட்சில் பெண்கள் ரொம்பக் குறைவு. எங்களை ஆபீஸ் வேலையில் போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னபோது, “பாய்லருக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுய்யா” என்று சொல்லி என்னைப் பாய்லர் பராமரிப்பில் போட்டார். அதன்பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

டீ குடிக்கும்போது கேள்வி வரும். “ஏம்மா, கிரிட்டே போயிடுச்சு, நம்ம ஸ்டேஷன்ல ஒரு பல்புகூட எரியல. முதல்ல எதைக் காப்பாத்துவே?” ஜெனரேட்டர், பாய்லர் என்று ஆளுக்கொன்று சொல்வோம். அவர் பொறுமையாக விளக்குவார். நிமிடத்துக்கு 3000 சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிற, நீராவியால் ஓடும் டர்பைனின் தண்டு உடனே நிற்காது. அதுவரைக்கும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெய் போயாகவேண்டும். மின்சாரம் இல்லாதபோது அதைக் கொடுப்பது பேட்டரியில் ஓடும் டிசி எண்ணெய் பம்ப். நின்றபிறகும் தண்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லையென்றால் சூட்டில் வளைந்துவிடும். “அப்போ அந்த பேட்டரி ரூமை நீ கடைசியா எப்போ போய்ப் பார்த்தே?” என்று முடிப்பார். எல்லோரும் எழுந்து பேட்டரி ரூமுக்குப் போவோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அவரே ஒப்பமாட்டார். எண்ணூர் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் சாம்பல் படிந்ததும், இறால் குறைந்ததும் வடசென்னையில் யாருக்கும் புதுச் செய்தியல்ல. மீனவர்கள் வந்து நின்றால் அவர் கேட்டுக்கு வெளியே போய்ப் பேசுவார், அவர்களோடு நிலையத்துச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய் ஓரமாகவே நடந்து உடைப்பைப் பார்ப்பார், ஒட்டுப்போடச் சொல்வார். ஆனால் மொத்தக் குழாயையும் மாற்றுவது அவர் கையில் இல்லை. “ஊருக்கெல்லாம் வெளிச்சம், இவங்களுக்குச் சாம்பல். நான் செஞ்சது போதாதும்மா” என்று ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் சொன்னார். போதாதுதான். அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பதவியில் இருந்தவர்களில் அதை வாய்விட்டுச் சொன்னவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. இறுதி ஊர்வலத்தில் குப்பத்து ஆட்கள் வந்து தோள்கொடுத்ததைப் பார்த்து அவருடைய சொந்தக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எங்களுக்கு ஆச்சரியமில்லை.

இப்போது டியூப் லீக் சத்தத்தைக் கண்டுபிடிக்க பாய்லர் சுவரிலேயே சென்சார் வைக்கிறார்கள். நல்லது, வரவேண்டியதுதான். ஆனால் சென்சாருக்கு வேலை போகும் என்ற பயம் இல்லை. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாகக் கீழே கீழே போகிற இன்றைய ஏற்பாட்டில், கடைசியில் நிற்கிற தொழிலாளி “நிறுத்துங்க சார்” என்று யாரிடம் சொல்வார்? சொன்னால் நாளைக்கு அவருக்கு கேட் பாஸ் இருக்குமா? பெரிய சார் தன் சொந்தத் துணிச்சலால் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார். அவர் ஓய்வுபெற்றதும் அதுவும் போய்விட்டது. ஒரு மனிதரின் குணத்தை நம்பி இதை விட்டதுதான் தவறு என்று நான் நினைக்கிறேன். ஆபத்து என்று சொன்னவரை வேலையிலிருந்து எடுக்கக்கூடாது என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதவேண்டும். சொன்னவர் பெயர் லாக் புக்கில் ஏறவேண்டும். மேன்ஹோல் மூடும்போது பெயர் கூப்பிடுவது விதியாக வேண்டும்.

அவருக்குப் படத்திறப்பு நடத்தப்போவதாகச் சொல்கிறார்கள். மேடையில் பேசுகிறவர்கள் பட்டியலில் இப்போதைக்கு ஓய்வுபெற்ற இன்ஜினியர்கள் மட்டுமே இருக்கிறார்கள். காட்டுக்குப்பத்து அண்ணனையும் பேசவைக்கவேண்டும் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டிருக்கிறேன். குழுவில் இருப்பவர்களும் சேர்ந்து கேளுங்கள். இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் லாக் புக்கில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பெயர் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்று தேடிப்பார்த்துச் சொல்லுங்கள்.