மூலக்கதையிலும் ஜோடி ஜுன்-பியோதான்

'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' கொரியத் தொடரின் மூலக்கதையில் நாயகி ஜி-ஹூவோடுதான் சேர்கிறாள், 2009-இல் கொரியாக்காரர்கள்தான் முடிவை மாற்றிவிட்டார்கள் என்று மேலே ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அது தவறும்மா.

மூலம், கமியோ யோகோ 1992-இல் தொடங்கிய ஜப்பானியப் படக்கதை. அதில் நாயகி ட்சுகுஷி சேர்வது டோமியோஜியோடு. கொரியாவில் அவள்தான் ஜான்-டி, அவன்தான் ஜுன்-பியோ, ரூய்தான் ஜி-ஹூ. 2001 தைவான், 2005 ஜப்பான், 2018 சீனா, எதிலும் ஜோடி மாறவில்லை. இங்கே கோலாலம்பூரில் சீனத் தோழிகளோடு உட்கார்ந்து தைவான் தொடரைப் பார்த்த அக்காமார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் முதல் பாதி. ஜான்-டிக்கு முதலில் பிடிப்பது ஜி-ஹூவைத்தான். அவள் ஆத்திரம் தீரக் கத்தும் அந்த அவசரப் படிக்கட்டில் அவன் அமைதியாக நிற்பான். யாருக்குத்தான் மனசு இளகாது? ஆனால் அவன் அப்போது வேறொருத்தியை நேசிக்கிறான், அவளைத் தேடி பிரான்சுக்கே போய்விடுகிறான். அவன் திரும்பி வந்து ஜான்-டியை விரும்பும்போது அவள் மனசு நகர்ந்துவிட்டது. நம்சான் மலையில் பனி கொட்டக் கொட்ட ஜுன்-பியோ காத்துக் கிடந்த காட்சியை மறுபடி பாருங்கள், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று புரியும்.

கடைசியில் ஜுன்-பியோ நினைவிழந்து ஜான்-டியை மறக்கும் திருப்பத்தையும் கொரியக் குழு புதிதாகச் சேர்க்கவில்லை, படக்கதையிலேயே உண்டு. நீச்சல் குளத்தில் நினைவு திரும்புவது மட்டும் கொரியத் தொடருக்கே உரியது. அங்கேதான் அவள் நீச்சல்காரி.

ஜி-ஹூவை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் அவனிடமிருந்து யாரும் அவளைப் பறித்துவிடவில்லை.